ஆளும் இல்லை, நாளும் இல்லை

ஆங்கில இலக்கணம் படித்த எவருக்கும் ராமனும் ராவணனும் வகுப்புத் தோழர்கள். ராமன் ராவணனைக் கொன்றான் என்றால் ஆக்டிவ் வாய்ஸ். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்றால் பாசிவ் வாய்ஸ். மாற்றி எழுதும்போது ‘பை ராமா’ என்ற வாலை மறந்த பையனுக்கு வாத்தியார் அரை மார்க் குறைப்பார். அதே பையன் வளர்ந்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தால் விதி தலைகீழாகிவிடும். ‘பை’ போட்டவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ‘பை’யை விழுங்கியவனுக்குப் பதவி உயர்வு வரும். ராவணன் கொல்லப்பட்டான், அவ்வளவுதான். யார் கொன்றது என்பது விசாரணையில் இருக்கிறது.

இதுகூடப் பழைய தந்திரம். நடந்து முடிந்ததை மறைப்பதற்குத்தான் இது உதவும். நடக்க வேண்டியதை நடக்காமல் பார்த்துக்கொள்ள ஆங்கிலத்தில் இன்னும் நுட்பமான கருவி உண்டு. ஷல், வில், மஸ்ட், மே, ஷுட், குட் என்று சில துணைவினைகள். அவற்றில் ஒன்றை எடுத்துச் செயப்பாட்டுவினையின் தலையில் வைத்தால் போதும். செய்யப்படும், செய்யப்பட வேண்டும், செய்யப்படலாம், செய்யப்பட்டிருக்கலாம். செயப்பாட்டுவினை ஆளை அழிக்கிறது. துணைவினை நாளை அழிக்கிறது. ஆளும் இல்லை, நாளும் இல்லை, ஆனால் வாக்கியம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அசோகவனத்திலிருந்து சீதை மனு போட்டிருந்தால், இந்த ஆங்கிலத்தில் அவளுக்குப் பதில் போயிருக்கும்: தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்; ராவணன் உரிய நேரத்தில் கொல்லப்படுவான்.

அதிகார ஆங்கிலம் கற்க ஆசைப்படுவோருக்காகச் சில பாடங்கள் இங்கே. எல்லாம் நடந்தவை. கற்பனை எதுவும் தேவைப்படவில்லை.

முதல் பாடம்: வாக்குறுதி கொடுப்பது

1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனச் சட்டம் ஒன்று போட்டது. அதன் 87-ஆம் பிரிவு கல்கண்டாக இனிக்கும். மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்த இந்தியரும் கம்பெனி உத்தியோகத்துக்குத் தகுதியற்றவராக ஆக்கப்படக் கூடாது என்று அது சொன்னது. ‘ஷல் நாட் பி’ வகை. யார் ஆக்கக் கூடாது, ஆக்கினால் யாரைப் பிடிப்பது, என்ன தண்டனை, எந்த வருஷத்துக்குள் எத்தனை இந்தியரை யார் சேர்த்துக்கொள்வார்? பிரிவு வாயே திறக்கவில்லை.

சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் வைத்தார்கள். எழுதுவதற்குக் கடல் தாண்ட வேண்டும். சத்யேந்திரநாத் தாகூர் 1863-இல் முதல் இந்தியராகத் தேறினார். சட்டம் வந்து 30 வருஷம் ஆகியிருந்தது. இன்னும் சிலர் தேறத் தொடங்கியதும் இந்திய மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு, பரீட்சைக்கான உச்ச வயதை 21-லிருந்து 19-ஆக வெட்டினார். சட்டத்தை யாராவது மீறினார்களா? இல்லவே இல்லை. மதத்தாலோ நிறத்தாலோ ஒருவரும் தகுதியற்றவராக ஆக்கப்படவில்லை. பத்தொன்பது வயதுக்குள் கப்பலேறி, அந்நிய மொழியில் அந்த ஊர்ப் பையன்களை ஜெயிக்க முடியாமல் போனது இந்தியப் பையனின் துரதிர்ஷ்டம். இந்திய மண்ணிலேயே அந்தப் பரீட்சையை எழுதும் வாய்ப்பு 1922-இல்தான் வந்தது.

இந்தப் பாடத்தின் உச்சக்கட்டம் 1878. வைஸ்ராய் லிட்டன் பிரபு லண்டனுக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். இந்தியர்களின் இந்த எதிர்பார்ப்புகள் ஒருநாளும் நிறைவேற்றப்பட முடியாதவை, நிறைவேற்றப்படவும் போவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும் என்றார். அவர்களைத் தடுப்பதா ஏமாற்றுவதா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, நேர்மை குறைந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்றும் எழுதினார். பார்த்தீர்களா, ‘தேர்ந்தெடுத்தோம்’! ஊருக்குப் படித்துக்காட்டும் சட்டத்தில் காணாமல் போன ஆள், ரகசியக் குறிப்பில் ‘நாம்’ என்று நெஞ்சை நிமிர்த்தி வந்து நிற்கிறார். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பஞ்சம் கிடையாது. யார் காதில் விழப்போகிறது என்பதைப் பொறுத்து அது வரும், போகும்.

இரண்டாம் பாடம்: கை படாமல் விலங்கு மாட்டுவது

1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே இருக்கவில்லை. அத்தனை நாகரிகம். ஆனால் ஒரு மாநிலத்தில் உழைப்புக்குக் கட்டுப்பட்ட ஆள் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால், உரியவர் கேட்கும்போது ‘ஒப்படைக்கப்பட வேண்டும்’ என்று ஒரு பிரிவு இருந்தது. ‘ஷல் பி டெலிவர்ட் அப்.’ ஓடியவன் எழுவாய் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிடிப்பது யார், ஒப்படைப்பது யார் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. சுதந்திரத்தைப் பற்றி உலகத்துக்கே வகுப்பெடுத்த கனவான்கள், மனிதனைப் பிடித்துக் கொடுக்கும் வேலையில் தங்கள் கை தெரியாமல் இருக்கச் செயப்பாட்டுவினைக் கையுறை போட்டுக்கொண்டார்கள்.

அந்த இல்லாத ஆள் யார் என்று நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்குமேல் மல்லுக்கட்டின. 1842-இல் பிரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது மத்திய அரசின் வேலை, மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. தென்மாநில முதலாளிகளுக்கு அது போதவில்லை. 1850-இல் புதுச் சட்டம் வந்தது. இலக்கணம் எப்படி மாறியது என்று பாருங்கள். பிடிக்க வேண்டியவர் மார்ஷல். வாரண்டை ஏற்க மறுத்தால் அவருக்கு 1000 டாலர் அபராதம். விசாரிப்பவர் கமிஷனர். ஓடிவந்தவனை அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஆள் வந்தாயிற்று, பதவிப்பெயர் வந்தாயிற்று, கூலியும் அபராதமும் வந்தாயிற்று. அதிகாரம் ஒரு காரியத்தை நிஜமாகவே விரும்பிவிட்டால் செய்பவரைக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

மூன்றாம் பாடம்: ஒரே கடிதத்தில் இரண்டு இலக்கணம்

1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி ஆர்தர் பால்ஃபர், ரோத்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த பிரகடனம் ஆங்கிலத்தில் 67 சொற்கள். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கான தேசிய இல்லம் என்ற பகுதிக்கு எழுவாய் உண்டு: மன்னர் அரசாங்கம். அது ஆதரிக்கிறது, அதற்காகத் தன்னால் ஆன முயற்சியெல்லாம் செய்யும். செய்வினை, கணீரென்று. அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் யூதரல்லாதவர்கள். அவர்கள் உரிமை பற்றிய பகுதிக்கு வந்ததும் மன்னர் அரசாங்கம் எங்கோ எழுந்து போய்விடுகிறது. அவர்களுடைய சிவில், மத உரிமைகளுக்குப் பங்கம் விளைவிக்கக்கூடிய ‘எதுவும் செய்யப்படக் கூடாது’. ‘நத்திங் ஷல் பி டன்.’ யாரால்? செய்யப்பட்டால் தடுப்பவர் யார்? ஒரு தரப்புக்கு ஆள் வைத்துச் செய்வினை, மறுதரப்புக்கு ஆளில்லாச் செயப்பாட்டுவினை. நூறு வருஷமாக அந்த ஆளில்லா வாக்கியத்தின் கீழ் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஏதோ கைதவறி எழுதியது என்று வாதிடுபவர்கள் 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டின் கடைசி நாளைப் பார்க்கட்டும். வளர்ந்த நாடுகள் மாசைக் குறைப்பதில் முன்னிற்பது பற்றிய பிரிவில் ‘ஷுட்’ என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘ஷல்’ என்று அச்சாகிவிட்டது. அமெரிக்க வக்கீல்கள் பதறிப்போனார்கள். ஷல் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் நல்ல எண்ணம். கிட்டத்தட்ட 200 நாடுகள் மண்டபத்தில் காத்திருக்க, அச்சுப்பிழை என்று சொல்லி அந்த ஒரு சொல்லை மாற்றினார்கள். உருகும் பனிமலை அவர்கள் கண்ணில் படவில்லை. ஒரு துணைவினை பட்டது. ஒவ்வொரு துணைவினைக்கும் என்ன விலை என்று அவர்களுக்குக் காசு சுத்தமாகத் தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

நான்காம் பாடம்: பாடம் கற்பது

பிரிட்டனில் எந்தக் கோரமும் ஒரு வாக்கியத்தோடுதான் அடக்கமாகும்: ‘லெசன்ஸ் வில் பி லேர்ன்ட்’, பாடங்கள் கற்கப்படும். சற்றுக் காரம் வேண்டுமென்றால் ‘மஸ்ட் பி லேர்ன்ட்’. இந்த வாக்கியத்தில் பாடம் இருக்கிறது, மாணவன் இல்லை. பரீட்சைத் தேதியும் இல்லை.

2000-இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமியை அவளுடைய காப்பாளர்களே சித்திரவதை செய்து கொன்றார்கள். சமூகநலத் துறை, போலீஸ், மருத்துவமனை எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள். லாமிங் பிரபு 2003-இல் கொடுத்த அறிக்கையில் 108 பரிந்துரைகள். அந்தச் சிறுமியைக் காப்பாற்றத் தவறிய உள்ளாட்சிகளில் ஹேரிங்கேயும் ஒன்று. 2007-இல் அதே ஹேரிங்கேயில், அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்த 17 மாதக் குழந்தை ஒன்று அடிபட்டே செத்தது. மறுபடி லாமிங் பிரபுவைக் கூப்பிட்டார்கள். 2009-இல் அவர் மறுபடி அறிக்கை கொடுத்தார். பாடங்கள் கற்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

அதே 2009-இல் தெற்கு லண்டனில் லாக்கனல் ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் தீ. மூன்று பெண்களும் மூன்று குழந்தைகளும் செத்தார்கள். மரண விசாரணை அதிகாரி 2013-இல் மந்திரிக்கே கடிதம் எழுதினார்: தீப் பாதுகாப்பு வழிகாட்டி குழப்பமாக இருக்கிறது, திருத்துங்கள். வழிகாட்டி திருத்தப்படும் என்றது வழக்கமான வாக்கியம். 2017 ஜூன் 14 அதிகாலையில் கிரென்ஃபெல் டவர் எரிந்தபோது அந்தத் திருத்தம் வந்திருக்கவில்லை. 72 பேர் செத்தார்கள். தீ பிடித்து ஏறிய வெளிச்சுவர்ப் பலகை, முந்தைய வருஷம் முடிந்த புதுப்பிப்பு வேலையில் மாட்டியது.

ஏழு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக்கின் இறுதி அறிக்கை வந்தது. அத்தனை சாவும் தவிர்க்கப்பட்டிருக்கக்கூடியவை என்றார். அவர் சொன்ன ‘அவாய்டபிள்’ என்ற சொல்லை விரித்தால் வரும் ‘குட் ஹேவ் பீன்’ இந்த இலக்கணத்தின் கடைசிப் படி. சுடுகாட்டுக்குப் போன பிறகு மட்டுமே பயன்படுத்துவது. ஆனால் அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அந்த வாக்கியத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அரசாங்கம் எந்தெந்த வருஷம் எந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தது, பலகை விற்ற கம்பெனிகள் சோதனை முடிவுகளில் எப்படித் திட்டமிட்டு ஏமாற்றின என்று பெயர் போட்டு எழுதினார். பெயர் வந்த பிறகாவது என்ன நடந்தது? அந்த அறிக்கை வெளியான நாள்வரை தீ சம்பந்தமாகச் சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? அங்கே குடியிருந்ததாகப் பொய் சொல்லி உதவிப்பணமும் ஓட்டல் அறையும் வாங்கிய சில்லறை மோசடிக்காரர்கள். அவர்கள் விஷயத்தில் மட்டும் அரசாங்கத்துக்கு எழுவாய் உடனே கிடைத்துவிட்டது.

ஐந்தாம் பாடம்: நம்மூர்ப் பயிற்சி

வெள்ளைக்காரன் தண்டவாளத்தையும் இந்த இலக்கணத்தையும் விட்டுவிட்டுப் போனான். தண்டவாளத்தையாவது அவ்வப்போது பழுது பார்க்கிறோம். இலக்கணம் பழுதே ஆகாமல் ஓடுகிறது. கவனிக்கப்படலாம், பரிசீலிக்கப்படலாம், தயவுசெய்து தெரிவிக்கப்படலாம் என்று ‘மே பி’ போட்டு நம் அலுவலக ஆங்கிலம் எழுதும் கடிதங்களில், கீழே இருப்பவர் மேலே தள்ளுவார், மேலே இருப்பவர் பக்கவாட்டில் தள்ளுவார். கோப்பு ஊர் சுற்றும், ஒருவர் கையிலும் ஒட்டாது.

மந்திரிகள் சபையில் சொன்னவற்றைத் துரத்திப் பிடிக்கவே நாட்டுக்கு ஒரு குழு தேவைப்பட்டது. குடியரசாகி நான்கு வருஷம்கூட முடியாத 1953-இல், மக்களவை அரசு உறுதிமொழிக் குழுவை அமைத்தது. மந்திரி எந்தெந்தச் சொற்றொடரைச் சொன்னால் அது உறுதிமொழியாகும் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். சொன்னதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. நம் சட்டமன்றத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. பேச்சைச் செயலாக்க ஒரு துறை, பேச்சு செயலாயிற்றா என்று பார்க்க ஒரு குழு, குழுவின் பரிந்துரையைச் செயலாக்க மறுபடி அதே துறை. அங்கேயும் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’தான்.

அந்த ஆங்கிலக் கோப்பைத் தமிழாக்கியபோது சரக்கைச் சிந்தாமல் சிதறாமல் இறக்கிக்கொண்டோம். ஆவன செய்யப்படும். உரிய நடவடிக்கை எடுக்கப்படும். பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வினைமுற்றைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் மொழி இது. ‘செய்தேன்’ என்றால் நான், ‘செய்தாய்’ என்றால் நீ. ஒளிய இடமே கொடுக்காத மொழியில்கூட ‘படும்’ என்று ஒரு பதுங்குகுழி வெட்டி, அரசு எந்திரம் முழுவதும் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

இதே இலக்கணம் நம்மை நோக்கித் திரும்பும்போது அதன் முகத்தைப் பாருங்கள். கரண்ட் பில் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அதுவும் செயப்பாட்டுவினைதான், அதுவும் எதிர்காலம்தான். ஆனால் தேதி கொட்டை எழுத்தில் இருக்கும், தேதி தாண்டினால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க ஆள் வாசலில் நிற்பார். வீட்டுவரி, ஜப்தி, ஆக்கிரமிப்பு நோட்டீஸ் எல்லாவற்றிலும் அப்படித்தான். நாம் கொடுக்க வேண்டியதற்கு நாள் உண்டு, ஆள் உண்டு. நமக்கு வர வேண்டியதற்கு வெறும் ‘படும்’.

இலக்கணத்தின்மேல் பழி போடலாமா?

ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், செய்வினை எழுத முடிந்த இடத்தில் செயப்பாட்டுவினை எழுதாதே என்று விதி போட்டார். அந்தக் கட்டுரையிலேயே அவர் எழுதிய செயப்பாட்டுவினைகள் ஏராளம் என்று இலக்கணக்காரர்கள் அன்றிலிருந்து கிண்டல் செய்கிறார்கள். கிண்டல் நியாயமானதுதான். பால் காய்ச்சப்பட வேண்டும் என்பதற்கு யார் காய்ச்சுவது என்று எவரும் கேட்பதில்லை. ஆளைச் சொல்லாமல் விட்டால் சில சமயம் பாதுகாப்பு விரியவும் செய்யும். நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்படிப்பட்டது. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் எவருடைய உயிரும் சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது. யாராலும் என்று பொருள். போலீஸ், கலெக்டர், பிரதமர் எவருக்கும் விலக்கில்லை.

அந்த வாக்கியத்துக்கும் ஒரு பரீட்சை வந்தது. அவசரநிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறையில் அடைபட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற ஜபல்பூர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார்: போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலுமா பரிகாரம் இல்லை? அவசரநிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதிக் கையெழுத்திட்டார். மறுவருஷம் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த நால்வர் தீர்ப்பைத் தவறு என்று தூக்கி எறிந்தது. உலகத்தின் உன்னதமான ‘ஷல் பி’ வாக்கியமும் தானாக எழுந்து நடக்காது. ‘நான் சொல்கிறேன்’ என்று பெயர் போட ஒருவர் வேண்டும்.

ஆக, குற்றவாளி இலக்கணம் அல்ல. ஆளைத் தெரிந்துகொண்டே அழிப்பவன்தான் குற்றவாளி. சொல்ல முடியாமல் விடுவது வேறு, சொல்லக் கூடாது என்று விடுவது வேறு. சாக்கடையில் இறங்கிய தொழிலாளி செத்தால் ‘பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்பட்டிருக்க வேண்டும்’ என்று எழுதுகிறவனுக்கு, வழங்க வேண்டிய அதிகாரியின் பெயர் தெரியும், காண்டிராக்டரின் போன் நம்பர் தெரியும், பில் பாஸான தேதியும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வாக்கியத்தை எழுதுகிறான். அதற்குப் பெயர் நடை அல்ல, உடந்தை.

இந்த நாட்டில் ஒரே ஒரு சட்டமாவது நேர்மையான இலக்கணத்தில் வந்தது. 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம். பதில் சொல்ல வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர். நாள் 30. காரணமில்லாமல் தாமதித்தால் தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அவருக்கே அபராதம் விதிக்கும். ‘விதிக்கப்படலாம்’ அல்ல, ஆணையம் விதிக்கும். 20-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், செய்வினையில் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சட்டத்தின்மேல் அத்தனை கோபம். 2019-இல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தன் கைக்குள் கொண்டுவந்த திருத்தமும் அந்தக் கோபத்தில் பிறந்ததுதான்.

எனவே உங்கள் மனுவுக்கு ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வந்தால் அதை ஃபிரேம் போட்டு மாட்டாதீர்கள். அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கேள்வி எழுதிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன? எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது? மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.